வாய்க்குள் வளரும் சந்ததி

ஒரு பழைய சந்தேகம்

ஏரியிலும் கண்மாயிலும் தூண்டில் போட்டுப் பழகியவர்கள் ஒரு காட்சியை அநேகமாகக் கண்டிருப்பார்கள். கொழுத்த ஜிலேபிக் கெண்டை ஒன்றைக் கரையில் இழுத்துப் போட்டதும், அதன் வாயிலிருந்து சின்னஞ்சிறு குஞ்சுகள் பொலபொலவென்று உதிர்ந்து ஈரமண்ணில் துள்ளும். பார்த்தவர்களில் பலர், அந்த மீன் தன் குஞ்சுகளைத் தானே விழுங்கிக்கொண்டிருந்த சமயத்தில் அகப்பட்டுக்கொண்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். விஷயம் அறிந்த பெரியவர் யாராவது பக்கத்தில் இருந்தால், அது விழுங்கவில்லை, பகைக்குப் பயந்து வாயில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று திருத்துவார். அவர் சொல்வதே சரி.

ஆனால் சந்தேகம் அதனோடு தீர்ந்துவிடுவதில்லை. வாய் நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் தாய், பசித்தால் எப்படித் தின்னும்? தின்னுவதாக இருந்தால், உள்ளே வந்தது இரை, உள்ளே இருப்பது பிள்ளை என்ற பேதத்தை எதைக்கொண்டு அறியும்? மீனுக்கு மூச்சும் வாய்வழியாகத்தானே நடக்கிறது? அடைத்துக்கொண்ட வாயோடு அது சுவாசிப்பது எப்படி? சிறு வயதில் எனக்குத் தோன்றிய இந்தக் கேள்விகளுக்குச் சமாதானம் தேடிக்கொண்டே போனதில்தான், ஆப்பிரிக்காவின் ஓர் ஏரியிலே பாறைகளுக்கிடையில் வாழும் ஒரு பெரிய மீனின்மேல் எனக்கு இன்றுவரை தணியாத மோகம் பிறந்தது.

ஜிலேபிக் கெண்டையும் பூர்விகத்தில் நம் நாட்டு மீன் அன்று. ஆப்பிரிக்காவின் தென்கிழக்கு ஆறுகளில் தோன்றி, மனிதர் கைகளால் உலகமெங்கும் பரவி, 1952-இல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. இப்போது நம் நீர்நிலைகளில் அது இல்லாத இடம் அரிது. அது சிக்லிட் என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. கேரளத்தார் விரும்பி உண்ணும் கரிமீனும் அக்குடும்பத்தின் இந்தியக் கிளைதான். ஆயினும் இக்குடும்பத்தின் வித்தைகளையெல்லாம் ஒருசேரக் காண வேண்டுமானால் தாங்கனிக்கா ஏரிக்குத்தான் போக வேண்டும். வாய்க்குள் பிள்ளை வளர்க்கும் வித்தையை அதன் முதிர்ந்த நிலையில் காண வேண்டுமானால், அந்த ஏரியின் பிரன்டோசா மீனிடம்தான் கேட்க வேண்டும்.

நெற்றி பெருத்த மீன்

புருண்டி, காங்கோ, தான்சானியா, ஜாம்பியா ஆகிய நான்கு நாடுகளின் எல்லைகளைத் தொட்டுக்கொண்டு, வடக்கு தெற்காக ஏறத்தாழ 670 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது தாங்கனிக்கா. பூமியின் மேலோடு பிளந்து விலகிய பள்ளத்தில் தேங்கிய நீர் ஆகையால் அதன் ஆழம் சாதாரணமானதன்று. அதிகபட்சம் 1,470 மீட்டர். நன்னீர் ஏரிகளில் சைபீரியாவின் பைக்கால் ஒன்றுதான் இதனினும் ஆழமானது. எனினும் இந்த ஆழம் முழுவதும் மீன்களுக்கு உரியதன்று. மேல்நீரும் அடிநீரும் கலவாமல் தனித்தனியே நிற்பதனால், சுமார் 100 முதல் 200 மீட்டருக்குக் கீழே பிராணவாயு என்பதே இல்லை. ஆகவே ஏரியின் சிக்லிட் இனங்கள், ஏறக்குறைய 240, மேலே உள்ள மெல்லிய நீர்ப்படலத்திலும் கரையோரப் பாறைச் சரிவுகளிலும் நெருங்கி வாழ்ந்து, ஒன்று மற்றொன்றின் முட்டைக்கும் குஞ்சுக்கும் ஓயாமல் காத்திருக்கின்றன. இவற்றில் ஏறத்தாழ எல்லாமே உலகில் வேறெங்கும் இல்லாதவை.

1904-05இல் அங்கே சென்ற ஆங்கிலேய ஆராய்ச்சிப் பிரயாணத்தில் கன்னிங்டன் என்பவர் சேகரித்துக் கொணர்ந்த மீன்களைப் பரிசோதித்து, பிரித்தானிய அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த பூலஞ்ஜே 1906-இல் பிரன்டோசாவுக்குப் பெயரிட்டார். வளர்ந்த ஆண் 30 சென்டிமீட்டரைத் தாண்டும். வெண்மையும் இளநீலமும் கலந்த உடலில், மேலிருந்து கீழாக ஐந்து முதல் ஏழு வரை கரும்பட்டைகள் ஓடும்; துடுப்புகளின் நுனிகள் நீண்டு, நீலம் ஏறி, நீரில் தாமதமாக அசையும். எல்லாவற்றிலும் விசேஷமானது அதன் நெற்றி. வயது ஏற ஏறக் கண்ணுக்கு மேலே சதையும் கொழுப்பும் திரண்டு, முதிர்ந்த ஆணின் தலையில் அது ஒரு பெரும் புடைப்பாக முன்னுக்குத் துருத்தி நிற்கும். பெண்ணுக்கும் உண்டு, ஆனால் அடக்கமாக.

இந்த மீனை வளர்ப்பவர்கள் அதனிடம் அடிமைப்பட்டுப் போவதற்கு அழகு ஒரு காரணமே தவிர முழுக் காரணமன்று. தொட்டி மீன்களில் பெரும்பான்மை ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பவை. பிரன்டோசாவோ அவசரம் என்பதையே அறியாதது. அது தொட்டியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே ஒரு மாலைப் பொழுதைக் கழித்துவிடலாம். அது இனப்பெருக்கத்துக்குத் தகுதி பெறவே மூன்று ஆண்டுகள் ஆகும். ஒரு விரல் நீளக் குஞ்சை வாங்கி வளர்ப்பவர், அதன் நெற்றி முழுதாகப் பெருத்திருக்கக் காண்பதற்குப் பல வருஷங்கள் காத்திருக்க வேண்டும். இந்த நிதானம் அதன் சுபாவத்தில் மட்டும் இல்லை. அதன் இரை தேடலிலும், இனவிருத்தியிலும், பிள்ளை வளர்ப்பிலும் ஒரே இழையாக ஓடுகிறது என்பதே இந்த அத்தியாயத்தில் நான் காட்ட விரும்புவது.

இரை தேடலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏரியில் பிரன்டோசாக்கள் பெரும்பாலும் 30 மீட்டருக்கும் அதற்குக் கீழும் கூட்டமாகப் பாறைகளை ஒட்டி வாழ்கின்றன. அவற்றின் முக்கிய இரை சைப்ரிகுரோமிஸ் என்ற சிறு மீன். பகலில் அது மிக வேகமானது. துரத்திப் பிடிப்பது பிரன்டோசாவால் ஆகாத காரியம். ஆனால் இரவில் அச்சிறு மீன்கள் பாறைகளின் அருகே இறங்கி மந்தமாகக் கிடக்கும். பொழுது புலர்ந்தும் புலராத அந்த அரைவெளிச்சத்தில் பிரன்டோசா மெதுவாக அவற்றின் நடுவே சென்று, பதற்றமே காட்டாமல், ஒவ்வொன்றாக எடுத்து விழுங்கிவிட்டுத் திரும்பிவிடும்.

ஆழத்திலிருந்து ஏறும் பாதை

அத்தனை ஆழத்தில் வாழும் மீனை மேலே கொண்டுவருவதும் அவசரப்பட்டால் நடவாத காரியம். மீனின் வயிற்றினுள், நீரில் மிதப்பதற்கு உதவியாகக் காற்றுப்பை என்ற உறுப்பு இருக்கிறது. சில மீன்களுக்கு அந்தப் பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு. வேண்டாத காற்றை ஏப்பமாக வெளியேற்றிவிடலாம். சிக்லிட்களுக்கு அந்த வழி இல்லை. பையிலுள்ள காற்று கொஞ்சங்கொஞ்சமாக இரத்தத்தில் கலந்துதான் குறைய வேண்டும்.

நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் நம் தலைமேலுள்ள வாயுமண்டலம் முழுவதற்கும் சமமான ஓர் அழுத்தம் கூடுகிறது. ஆகையால் 30 மீட்டரில் அழுத்தம், மேற்பரப்பில் உள்ளதைப்போல நான்கு மடங்கு. அந்த ஆழத்தில் பிடித்த மீனை நேரே மேலே தூக்கினால், காற்றுப்பை நான்கு பங்காக உப்பி, உள்ளுறுப்புகளை நசுக்கி, மீனைக் கொன்றுவிடும். பொறுமையுள்ள மூழ்கிகள் மீன்களைக் கூண்டிலோ பீப்பாயிலோ அடைத்து, சில மீட்டர் ஏற்றிக் கட்டிவைத்து, காற்று இரத்தத்தில் கரைய அவகாசம் கொடுத்து, மறுபடி சில மீட்டர் ஏற்றி, இப்படிப் படிப்படியாகச் சில நாட்களில் மேலே கொணர்வார்கள். பொறுமையற்றவர்கள் ஊசியால் பையைக் குத்திக் காற்றை இறக்கிவிடுவதும் உண்டு. அப்படிக் குத்துப்பட்ட மீன்களில் பல, பிறகு உள்காயத்தால் நலிந்து போகின்றன. ஏரியிலிருந்து வந்த மீன் என்று பெருமையாகச் சொல்லி விற்கப்படும் ஒவ்வொன்றின் பின்னாலும் இந்த இரண்டில் ஒரு கதை இருக்கிறது. இன்று கடைகளில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை தொட்டியிலேயே பிறந்தவை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஒரு முட்டையின் பிரயாணம்

இனி நம் கேள்விக்கு வருவோம். ஒரே ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு, அது இடப்பட்டதிலிருந்து குஞ்சாக வெளியேறுவது வரையில் அதனோடு கூடவே போய்ப் பார்த்தால் எல்லாம் விளங்கும்.

தொட்டியின் பெரிய கற்களுக்கு அடியில், ஆண் தனக்கென்று பிடித்துவைத்திருக்கும் இடத்துக்குள் பெண் நுழைகிறது. ஓட்டமில்லை, துரத்தலில்லை. ஆண் துடுப்புகளை விரித்து உடலைச் சற்றே நடுக்குகிறது, பெண் பின்தொடர்கிறது. கல்லின்மேல் ஓரிரு முட்டைகளை இடுகிறது; உடனே வாயால் எடுத்துக்கொள்கிறது. ஆணின் விந்து அந்த இடத்து நீரில் கலந்து முட்டைகளைக் கருவாக்குகிறது. இவ்விதம் திரும்பத் திரும்ப நடந்து முடியும்போது தாயின் வாயில் இருபது முப்பது முட்டைகள் சேர்ந்திருக்கும். சில வேளைகளில் அதற்கும் மேலே. ஆனால் நூற்றுக்கணக்கில் ஒருபோதும் இல்லை.

இந்தக் கணத்திலிருந்து தாயின் வாய்க்கு ஒரு புதிய உத்தியோகம் ஏற்படுகிறது. முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும் இவ்வழக்கத்தை 'வாயடை' என்று நாம் சொல்லிக்கொள்வோம். நம் கடற்கரை மீனவர்களுக்கு இது புதிதல்ல. கடல் கெளுத்திகளில் தகப்பன் மீன் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் குறுக்களவுள்ள முட்டைகளை வாயில் சுமந்து, அந்தக் காலம் முழுவதும் பட்டினி கிடப்பதை அவர்கள் அறிவார்கள். சிக்லிட் குடும்பத்திலோ இவ்வழக்கம் ஒரே முறை தோன்றியதன்று. வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே பல முறை தோன்றியிருக்கிறது.

சுவாசத்தைப் பற்றிய சந்தேகம் முதலில் தீர்கிறது. மீன் மூச்சு விடுவது என்றால், வாய்வழியாக நீரை இழுத்துச் செவுள்களின் வழியாக வெளியே விடுவதுதான். முட்டைகள் இருப்பதோ அந்த நீரோட்டத்தின் நடுவில். தாய் தனக்காக இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் முதலில் முட்டைகளைத் தழுவிக்கொண்டே செவுளுக்குப் போகிறது. ஆகவே, பிராணவாயு அதிகமாகக் கிடைப்பதற்கு அதைவிட நல்ல இடம் ஏரியிலேயே இல்லை எனலாம். செவுள் வளைவுகளின் உட்புறத்தில் உள்ள முட்கள் முட்டை வெளியே நழுவாமல் தடுக்கின்றன. பெரிய முட்டை சில்லறையாகத்தான் நிற்கும், சேறுபோல் அப்பிக்கொள்ளாது. நீர் இடையிடையே ஊடுருவிப் போக வழி இருக்கிறது.

அருகே சென்று பார்த்தால் அந்தத் தாயை எளிதில் கண்டுகொள்ளலாம். கீழ்த்தாடைக்கு அடியில் தொண்டை தொய்ந்து, சற்றே கனத்துத் தொங்கும். வாய் இறுக மூடாமல், செவுள்மூடிகள் ஒரு மயிரிழை விலகி நிற்கும். சில விநாடிகளுக்கு ஒரு முறை, எதையோ மெல்லுவதுபோலத் தாடையை அசைக்கும். உண்மையில் அது முட்டைகளைப் புரட்டிவிடுகிறது. கீழே இருந்தது மேலே வருகிறது, ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து அழுக்கு நீங்குகிறது. இந்தப் புரட்டல் நின்றால் முட்டைகளில் பூஞ்சை படர்ந்துவிடும். தாயின் வாயிலிருந்து முட்டைகளை எடுத்துத் தனியே பொரிக்கவைக்க முயல்பவர்கள், அடியிலிருந்து நீர் இடைவிடாமல் பொங்கி முட்டைகளை மெல்ல உருட்டிக்கொண்டேயிருக்கும் குழாய் ஒன்றைச் செய்துகொள்ள வேண்டியிருப்பது இதற்குப் பிரத்தியட்ச சாட்சி.

நம் முட்டைக்குள் சில நாட்களில் கண்களும் வாலும் உருவாகி, ஓடு கிழிந்து, தன் உடலைவிடப் பெரிய மஞ்சள் பை ஒன்றைச் சுமந்த குஞ்சு வெளிப்படுகிறது. அந்தப் பையில் இருப்பது கருவுணவு. தாய் முட்டை இடும்போதே கட்டிக்கொடுத்த ஆகாரம். வாரக்கணக்கில் குஞ்சு அதைத்தான் உட்கொண்டு வளர்கிறது. ஆனால் பை வற்றிய பிறகும் குஞ்சு வெளியே வருவதில்லை. இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. அதைச் சொல்வதற்கு முன் ஒரு சிறு கணக்குப் பார்க்க வேண்டும்.

எத்தனை பிள்ளை போதும்?

தாங்கனிக்காவிலேயே கூஹே என்றொரு சிக்லிட் இருக்கிறது. ஆப்பிரிக்க சிக்லிட்களில் அதுவே மிகப் பெரியது. அறுபது சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். அது வாயடை காப்பதில்லை. தரையில் ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒரே தடவையில் இட்டு, தாயும் தந்தையும் சேர்ந்து நின்று காவல் காக்கும். அதன் முட்டைகள் சிறியவை. பிரன்டோசாவின் முட்டையோ ஐந்தாறு மில்லிமீட்டர் குறுக்களவு உடையது.

ஒரு மீன் இனம் பெருகாமலும் குறையாமலும் நிலைத்திருக்க வேண்டுமானால், ஒரு தம்பதி தன் ஆயுளில் பெறும் பிள்ளைகளில் சராசரியாக இரண்டே இரண்டு பிழைத்துத் தம் பெற்றோரின் ஸ்தானத்துக்கு வர வேண்டும். பேச்சுக்காக வைத்துக்கொள்வோம்: கூஹே தம்பதி 10,000 முட்டை இடுகிறது. அதில் இரண்டு பிழைத்தால் போதும் என்றால், ஐயாயிரத்துக்கு ஒன்று பிழைக்கிறது. பிரன்டோசா ஒரு தடவைக்கு 30 வீதம் ஆயுளில் பத்துத் தடவை முட்டையிடுகிறது என்று கொண்டால், மொத்தம் 300. இரண்டு பிழைத்தால், நூற்றைம்பதுக்கு ஒன்று. ஆகவே பிரன்டோசாவின் ஒவ்வொரு குஞ்சும், கூஹேயின் ஒவ்வொரு குஞ்சைவிட முப்பது மடங்குக்கும் அதிகமான உறுதியோடு உலகத்தில் இறங்கவேண்டியிருக்கிறது.

அந்த உறுதி எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி, முட்டையின் பருமனிலிருந்து. ஜிலேபிக் கெண்டையின் முட்டை ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர். பிரன்டோசாவின் முட்டை ஆறு மில்லிமீட்டர் என்றால், குறுக்களவில் இரண்டு மடங்குதானே என்று தோன்றும். ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றும் இரட்டிக்கும்போது உள்ளடக்கம் எட்டு மடங்கு ஆகிறது. எட்டு மடங்கு சத்துணவு! அதற்கு விலையும் உண்டு: தாயின் வாய் ஓர் அளவுக்கு மேல் விரியாது, பெரிய முட்டையானால் சில முட்டைகளே அடங்கும். பிரன்டோசாவின் வம்சம், பலரைப் பெற்று விதியிடம் விட்டுவிடுவதைக் காட்டிலும், சிலரைப் பெற்று நன்றாகத் தேற்றி அனுப்புவது என்ற பக்கத்தில் வெகுதூரம் சென்றிருக்கிறது. கூஹேயின் வழி தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஏரி இரண்டுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. பிரன்டோசாவின் வழி என்னை வசீகரிக்கிறது, அவ்வளவே.

உறுதியின் மற்றப் பகுதி, கருவுணவு தீர்ந்தபிறகு நடப்பதிலிருந்து வருகிறது.

உபவாசமும் ஊட்டலும்

வாயடை காக்கும் தாய்மீன்களில் பல, அந்தக் காலம் முடியும்வரை உபவாசம் இருக்கின்றன. ஜிலேபிக் கெண்டைத் தாய் வாரக்கணக்கில் அநேகமாக ஒன்றுமே தின்பதில்லை. குஞ்சுகள் சிறியனவாக இருக்கும்போதே அவற்றை வெளியே விட்டு, ஆபத்து வரும்போது மட்டும் மீண்டும் வாயில் சேர்த்துக்கொள்கிறது. குஞ்சுகளும் தாயின் உடலில் இருண்ட பகுதிகளை நாடி ஓடும் இயல்போடு பிறக்கின்றன. கரையில் நாம் கண்ட காட்சி அந்த ஆபத்து வேளையின் காட்சிதான். நீண்ட நாள் பட்டினியால் தாயின் உடல் மெலிகிறது; அடுத்த முட்டைத் தொகுதி உருவாவதும் தாமதப்படுகிறது.

பிரன்டோசாவின் வாயடைக் காலமோ ஒரு மாதத்தையும் தாண்டி நீள்வது. அத்தனை நாள் முழுப்பட்டினி கிடக்கத் தாயால் இயலுமா? கருவுணவு வற்றிய குஞ்சுகள்தாம் எதைத் தின்னும்? ஜப்பானிய ஆராய்ச்சியாளர்களான யானாகிசாவாவும் ஓச்சியும் ஏரியிலே இம்மீன்களைக் கவனித்து, 1991-இல் விடையை வெளியிட்டார்கள். வாய் நிறையக் குஞ்சுகளோடு திரியும் பிரன்டோசாத் தாய்கள் இரை எடுக்கின்றன. எடுப்பது தங்களுக்காக மட்டுமன்று, வாய்க்குள் இருக்கும் பிள்ளைகளுக்காகவும்தான். உள்ளே வரும் இரையைக் குஞ்சுகள் அங்கேயே உண்டு, வாயை விட்டு வெளியேறாமலே வளர்கின்றன. இதற்குச் சற்று முன்னதாகவே அதே ஏரியின் துரோபியஸ் என்ற பாசி தின்னும் சிக்லிட்டிலும், தாய் பாசியை மேய்ந்து வாய்க்குள் உள்ள குஞ்சுகளுக்கு ஊட்டுவது தெரியவந்திருந்தது.

அப்படியானால், இரைக்கும் பிள்ளைக்கும் உள்ள பேதத்தைத் தாய் எப்படிக் காக்கிறது என்ற கேள்வி மிஞ்சுகிறது. இதற்கு சிக்லிட்களின் உடலமைப்பிலே ஒரு பெரிய வசதி உண்டு. இவற்றுக்கு இரண்டு ஜோடித் தாடைகள். முகத்தில் தெரிவது ஒன்று; தொண்டையின் ஆழத்தில், செவுள்களுக்குப் பின்னால் மறைந்திருப்பது மற்றொன்று. இரண்டாவதைத் 'தொண்டைத் தாடை' எனலாம். அதில் பற்கள் உண்டு. கீழ்ப்பகுதியின் இரு எலும்புகளும் ஒன்றாக இணைந்து உரம் பெற்றிருக்கும். நசுக்குவது, அரைப்பது, விழுங்கத் தயாராக்குவது முதலிய வேலைகள் அனைத்தையும் அது ஏற்றுக்கொள்கிறது. இந்த அமைப்பினால் முன்தாடைகள் இரை பிடிக்கும் வேலையைத் தவிர வேறெதற்கும் கட்டுப்படாமல் விடுதலை பெற்றன என்றும், சிக்லிட்கள் எண்ணற்ற இனங்களாகப் பிரிந்து செழித்ததற்கு இது ஒரு முக்கிய காரணம் என்றும் காரல் லீம் என்ற அறிஞர் 1973-இல் எடுத்துக்காட்டினார்.

மென்று தின்பது வாயில் நடந்திருந்தால் பிள்ளைகள் தப்புவது எங்ஙனம்? சிக்லிட்டுக்கு அது தொண்டையிலே நடக்கிறது. வாயோ வெறும் அறையாக நிற்கிறது. மேலும், மணலை வாய் நிறைய அள்ளி, அதில் கலந்திருக்கும் சிறு புழுவையும் பூச்சியையும் பிரித்தெடுத்துவிட்டு மணலைச் செவுள்வழியே உதிர்த்துவிடும் சிக்லிட்கள் அநேகம். வாய்க்குள் இருப்பதில் வேண்டியது எது, வேண்டாதது எது என்று தொட்டறிந்து பிரிக்கும் சாமர்த்தியம் இக்குடும்பத்துக்குப் பரம்பரைச் சொத்து. தாய் பிரன்டோசா ஒரு துணுக்கை உள்ளே இழுத்துச் சற்று நேரம் தாடையை அசைத்துவிட்டு, பிறகு அதில் ஒரு பங்கை மட்டும் தொண்டைக்கு அனுப்புவதை அந்தச் சாமர்த்தியத்தின் உயர்ந்த பிரயோகம் என்றே நான் கருதுகிறேன்.

பிரன்டோசாத் தாய் ஊட்டுவது வெளியிலிருந்து வந்த இரையை; பெற்றோர் தம் உடம்பிலிருந்தே பிள்ளைக்கு ஆகாரம் கொடுக்கும் முறையும் சிக்லிட்களில் உண்டு, அதை நம் நாட்டிலேயே காணலாம். கரிமீனின் சிறிய உறவான, ஆரஞ்சு நிறமுள்ள ஒரு சிக்லிட், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்கிறது. அதன் குஞ்சுகள் தாய் தந்தையரின் தோலில் சுரக்கும் கோழையைக் கொத்தித் தின்னும்.

அழையாத விருந்தாளி

வாயைக்காட்டிலும் பத்திரமான இடம் இல்லை என்று எண்ணும்போதே, அங்கேயும் புகுந்துவிடும் ஒரு வஞ்சகனைத் தாங்கனிக்கா வைத்திருக்கிறது. உடலெங்கும் கரும்புள்ளிகள் உள்ள கெளுத்தி ஒன்று, வாயடை காக்கும் சிக்லிட்கள் முட்டையிடும் தருணம் பார்த்து நடுவே பாய்ந்து, சில முட்டைகளை விழுங்கிவிட்டுத் தன் முட்டைகளையும் அங்கே இட்டுவிட்டுப் போகும். தாய் சிக்லிட் அவசர அவசரமாக அள்ளும்போது அவற்றையும் சேர்த்து அள்ளிக்கொள்கிறது. கெளுத்தியின் முட்டை முந்திப் பொரிக்கும். வெளிவந்த கெளுத்திக் குஞ்சுக்குத் தன் கருவுணவு போதாது. அது வளர்ப்புத்தாயின் வாய்க்குள்ளேயே அத்தாயின் சொந்தப் பிள்ளைகளைத் தின்று கொழுக்கும். காகத்தின் கூட்டில் குயில் முட்டையிடுவதை நாம் அறிவோம். ஆனால் காகத்தின் குஞ்சுகளைக் குயிற்குஞ்சு தின்பதில்லை. தெத்ஸு சாத்தோ என்ற ஜப்பானிய அறிஞர் 1986-இல் இதை வெளியிட்டபோது, மீன்களில் இத்தகைய வழக்கம் இருப்பதைக் கண்டு விலங்கியலார் பெரிதும் ஆச்சரியப்பட்டார்கள். மற்றவர்களின் பிள்ளை வளர்ப்பு எவ்வளவு பொருள் நிறைந்த முதலீடோ, அவ்வளவு பெரிய திருட்டுக்கு அது இடம் கொடுக்கிறது.

எடுப்பதா, விடுவதா?

பிரன்டோசா வளர்ப்பவர்களிடையே தீராத விவாதம் ஒன்று உண்டு. தாய் முட்டைகளை வாயில் எடுத்து ஓரிரு வாரங்கள் ஆனதும், அதைப் பிடித்து, கீழ்த்தாடையை மெல்ல அழுத்தி, குஞ்சுகளை ஒரு பாத்திரத்தில் உதிர்த்தெடுத்துத் தனியே வளர்ப்பது ஒரு பக்ஷம். அவர்கள் சொல்லும் காரணங்கள் அலட்சியப்படுத்தத் தக்கவை அல்ல. முதல் தடவை முட்டையிடும் இளந்தாய், சிறு சந்தடிக்கும் மிரண்டு, வாயில் உள்ளதைத் துப்பியோ விழுங்கியோ விடும். நீண்ட நாள் சரியாகத் தின்னாத தாய் மெலிந்து, மற்ற மீன்களின் தொந்தரவுக்கு ஆளாகும். குஞ்சு ஒன்றுக்கு நல்ல விலையும் கிடைக்கிறது.

நான் மற்றப் பக்ஷத்தைச் சேர்ந்தவன். பொங்கும் நீர்க்குழாய் முட்டையைப் புரட்டிக் காக்கும்; பூஞ்சையைத் தடுக்கும்; தாயின் மூச்சுக்குப் பதிலாகப் பிராணவாயுவையும் தரும். ஆனால் கருவுணவு தீர்ந்தபின் தாய் ஊட்டும் அந்த வாரங்களை எந்தக் குழாயும் தராது. நாம் குஞ்சுக்குத் தனியே தீனி போடலாம், அதுவும் வளரும். எனினும் ஏரியில் இத்தனை இலட்சம் ஆண்டுகளாக இந்த வம்சம் எதைக்கொண்டு தன் சிறு சந்ததியை நிலைநிறுத்திற்றோ, அந்தப் பகுதியைத்தான் நாம் வெட்டி எறிகிறோம். தாய் துப்பிவிடுமே என்ற அச்சத்துக்கு நல்ல மருந்து, பெரிய தொட்டியும், ஒதுங்க நிறையப் பாறை இடுக்குகளும், ஓர் ஆணுக்குப் பல பெண்களும் ஆகும். அவை இருந்தால் இரண்டாம் மூன்றாம் தடவைகளில் தாய் தானே தேறிவிடுகிறது. ஒரு தடவை குஞ்சுகள் நஷ்டமானதற்காக மறு தடவை அதன் வாயைப் பிரிப்பவர், தாய் கற்றுக்கொள்ளும் சந்தர்ப்பத்தையே எடுத்துவிடுகிறார்.

வாயடை காக்கும் தாய்க்கு எதைக் கொடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: வழக்கமான பெரிய தீனிக்குளிகை ஆகாது. உறைய வைத்த சிறு இறாலை நன்றாக நறுக்கி, கண்ணாடி மூடியைத் தட்டாமல், மாலையில் விளக்கு அணைவதற்குச் சற்று முன் தாய் ஒதுங்கியிருக்கும் பாறையின் மேல்புறமாகக் கொஞ்சமே விடுங்கள். மற்றவை எல்லாம் வேறு மூலையில் தின்றுகொண்டிருக்கும்போது, அது வெளியே வந்து ஒரு துணுக்கின் எதிரே நின்று, தயங்கி, வாயை அரை விரற்கடை திறந்து இழுத்துக்கொள்ளும். கருவுணவு தீர்ந்து சில நாள் ஆகியிருந்தால், அதன் பிறகு அந்தத் தொய்ந்த தொண்டை நெடுநேரம் அசைந்துகொண்டிருப்பதைக் காண்பீர்கள். அந்த அசைவில் தாயினுடையது எவ்வளவு, உள்ளே போட்டியிட்டு உண்ணும் பிள்ளைகளுடையது எவ்வளவு என்பதை வெளியே நிற்கும் நம்மால் பிரிக்க இயலாது.